வசியத்தில் சிக்கிய சூப்பர்ஹீரோவை நண்பர்கள் மீட்கும் காட்சியை நம்பும்படி எழுதுவது எப்படி?

உங்கள் காமிக்ஸில் வில்லன் நாயகியின் மனதைப் பிடித்துக்கொள்கிறான். அவள் தன் குழுவையே தாக்குகிறாள். கடைசியில் தோழி அவள் பெயரைச் சொல்லிக் கதற, அவள் தலையைப் பிடித்துக்கொண்டு மீள்கிறாள். படித்தவர்கள் "இவ்வளவு சுலபமா?" என்று கேட்டார்கள் என்றும், அந்தப் போராட்டத்தை இன்னும் எத்தனை பக்கம் நீட்ட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பக்கங்களைக் கூட்டினாலும் இதே புகார்தான் வரும். வாசகரின் சந்தேகம் இது: தோழியின் குரல் இப்போது ஏன் வேலை செய்தது, ஐந்து பக்கம் முன்னால் கத்தியபோது ஏன் வேலை செய்யவில்லை? இதற்குப் பதிலைக் கிளைமாக்ஸில் தேடிக் கிடைக்காது. நாயகி தெளிவோடு இருக்கும் முற்பகுதியிலேயே, வில்லனால் போலி செய்ய முடியாத ஒன்றை அவள் தன் தோழியிடம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அது எப்படிப்பட்ட ஒன்று என்பது வசியம் வேலை செய்யும் விதத்தைப் பொறுத்தது. பெரும்பாலான முதல் ஸ்கிரிப்டுகள் சறுக்குவது இங்கேதான். "மனதைக் கட்டுப்படுத்துகிறான்" என்று எழுதிவிட்டு, அவன் எதைக் கட்டுப்படுத்துகிறான் என்று முடிவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். மார்வெலின் பர்ப்பிள் மேன், அதாவது கில்கிரேவ், 1964-இல் டேர்டெவில் நான்காம் இதழில் அறிமுகமானவன். அவன் உடலிலிருந்து வெளிவரும் ஃபெரோமோன் என்ற வேதிப்பொருள்கள் அருகில் இருப்பவர்களைக் கீழ்ப்படிய வைக்கின்றன. அங்கே பிடிபடுவது செயல். டிசியின் மேக்ஸ்வெல் லார்ட் 2005-ஆம் ஆண்டுக் கதையில் சூப்பர்மேனைப் பிடித்தபோது பிடிபட்டது காட்சி. தன் மனைவி லோயிஸைத் தாக்கும் எதிரிகளோடு தான் மோதுவதாகத்தான் சூப்பர்மேன் நம்புகிறார்; அடி வாங்குவது பேட்மேன். விண்டர் சோல்ஜரான பக்கி பார்ன்ஸுக்குத் திரைப்படங்களில் ரஷ்ய மொழியில் பத்துச் சொற்கள் வரிசையாகச் சொல்லப்பட்டால் அவர் ஒரு ஆயுதமாகிவிடுவார். அது பழக்கி ஏற்றிய வசியம், விசை அமுக்கியதும் ஓடும். நான்காவது வகை ஒன்று உண்டு. அதில் மந்திரமோ வாயுவோ இல்லை. ஆளைத் தனிமைப்படுத்தி மெல்ல மெல்ல நம்பிக்கைகளை மாற்றுவது. நிஜ உலகில் நடப்பது இந்த வகைதான்.

கட்டளை வகையில் நண்பர்களுக்குக் கிடைக்கும் பிடி, கட்டளையின் சொற்கள். 2015-இல் வந்த ஜெசிக்கா ஜோன்ஸ் தொடரில் இதை அழகாகக் கையாண்டிருப்பார்கள். தலைக்குள் ஒரு தோட்டாவைப் போட்டுக்கொள் என்று கில்கிரேவ் ஜெசிக்காவின் தோழி த்ரிஷுக்கு ஆணையிடுகிறான். துப்பாக்கியில் குண்டு தீர்ந்துவிட்டது. அவள் தோட்டாவைக் கையில் எடுத்து நெற்றியில் அழுத்திக்கொண்டிருக்கிறாள். ஜெசிக்கா அதை வாங்கி த்ரிஷின் வாய்க்குள் போடுகிறாள். தோட்டா தலைக்குள் போய்விட்டது, ஆணை நிறைவேறிவிட்டது, பிடி தளர்கிறது. இன்னொரு இடத்தில் த்ரிஷைக் கொல்லச் சொல்லி அனுப்பப்பட்ட போலீஸ்காரரிடம், அவள் இறந்துவிட்டாள் என்று நம்பும்படி ஜெசிக்கா த்ரிஷுக்கு ஊசி போட்டு மயக்கிக் காட்டுகிறாள். இவை எடுபடுவதற்குக் காரணம், ஆணை எழுத்துக்கு எழுத்து நிறைவேற வேண்டும், நிறைவேறினால் முடிந்துவிடும் என்ற விதி அதற்கு முன்பே நமக்குப் பழக்கமாகிவிட்டதுதான். உங்கள் வில்லன் கட்டளை இடுபவன் என்றால், அவன் ஆணை ஒன்று அபத்தமாக நிறைவேறுவதை முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் முக்கியமில்லாத ஒரு பாத்திரத்தை வைத்துக் காட்டிவிடுங்கள். தூரம், நேரம், செவி இவற்றில் எது எல்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிட வேண்டும். குரல் காதில் விழாவிட்டால் ஆணை செல்லாது என்று முன்னமே காட்டியிருந்தால், துறைமுகத்தில் த்ரிஷ் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வருவது போன்ற காட்சிக்கு விளக்கமே தேவைப்படாது.

காட்சி வகையில் பெயர் சொல்லிக் கத்துவது அறவே பயன்படாது. காரணம் எளிது: கத்துவது யார் என்பதையே வில்லன்தான் தீர்மானிக்கிறான். சூப்பர்மேனின் கண்ணுக்கு வொண்டர் வுமனான டயானா, டூம்ஸ்டே என்ற அரக்கனாகத் தெரிகிறாள். டூம்ஸ்டே வாயிலிருந்து வரும் கெஞ்சலுக்கு அவர் ஏன் நிற்கப்போகிறார்? அந்தக் கதையில் டயானா அவரோடு பேசி வெல்லவில்லை. அவரைச் சிறிது நேரம் முடக்கிவிட்டு, மேக்ஸ்வெல் லார்டை உண்மை பேச வைக்கும் தன் கயிற்றால் கட்டி, விடுவிக்க என்ன வழி என்று கேட்கிறாள். தன்னைக் கொல்வதுதான் வழி என்று அவன் சொல்ல, அவன் கழுத்தை முறிக்கிறாள். வொண்டர் வுமன் 219-ஆம் இதழ் அது. அந்த முடிவை ஏற்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனாலும் விதியோடு ஏமாற்று செய்யாத கதை என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். உங்கள் கதை இந்த வகையென்றால், தோழியிடம் இருக்க வேண்டியது வில்லன் மாற்றிக்காட்டும் புலனைத் தொடாத ஒரு வழி. அவன் கண்ணையும் காதையும் ஆள்கிறான் என்றால் தொடுகை, அதிர்வு, வாசனை ஆகியவை மிஞ்சுகின்றன. சுவரில் தட்டும் சங்கேதம் இதற்கு நன்றாக உதவும்; அதைக் கீழே சொல்கிறேன்.

விசைச்சொல் வகையை ஒரே காட்சியில் தீர்க்காதீர்கள். பக்கி விடுபடுவது வகாண்டாவில், நீண்ட சிகிச்சைக்குப் பிறகு. 2021-ஆம் ஆண்டுத் தொடரில் வரும் அந்தப் பின்னோக்குக் காட்சியில், நெருப்பருகே உட்கார்ந்திருக்கும் அவர் முன் வகாண்டா வீராங்கனை ஆயோ அந்தப் பத்துச் சொற்களையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் முகம் நடுங்குகிறது; கடைசிச் சொல் முடிந்தும் எதுவும் நடக்கவில்லை. அங்கே சோதனை செய்பவளே காவலுக்கும் இருக்கிறாள் என்பது முக்கியம். சிகிச்சை தோற்றால் அவரை நிறுத்தும் வலிமை அவளுக்கு உண்டு, அது அவருக்கும் தெரியும். பாசம் மட்டும் உள்ள நண்பர் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் காட்சிக்கு இந்த நிம்மதி வந்திருக்காது. பேட்மேனுக்கு வேறு வழி வகுத்தார்கள். 2008-இல் கிராண்ட் மோரிசன் எழுதிய கதையில், எதிரிகள் தன் மனதைச் சிதைத்தால் பொறுப்பேற்றுக்கொள்ள சுர்-என்-ஆர் என்ற மாற்று ஆளுமையை ப்ரூஸ் வெய்ன் தனக்குள்ளேயே முன்கூட்டி ஏற்பாடு செய்திருக்கிறார். யாரையும் நம்பாதவரின் தற்காப்பு அது. உங்கள் கதை கூட்டாளிகளைப் பற்றியது என்பதால் அந்தப் பாதையில் போக வேண்டாம்.

உங்களுக்கு மிகப் பொருத்தமான முன்மாதிரி, மூல ஜெசிக்கா ஜோன்ஸ் காமிக்ஸ்தான். 2001-இல் தொடங்கி 28 இதழ்கள் வந்தது; எழுத்து பிரையன் மைக்கேல் பெண்டிஸ், ஓவியம் மைக்கேல் கேடோஸ். ஜெசிக்கா எட்டு மாதம் கில்கிரேவின் பிடியில் இருந்தவள். அவன் அனுப்பி அவெஞ்சர்ஸ் மாளிகைக்குப் போய்த் தாக்கி, பதிலுக்குப் பலமாக அடிபட்டுக் கோமாவில் விழுகிறாள். அவள் தோழியான சூப்பர்ஹீரோ கரோல் டான்வெர்ஸ் தலையிட்டிராவிட்டால் உயிரே போயிருக்கும். சிகிச்சைக்கு உதவிய டெலிபதி வல்லவள் ஜீன் கிரே, அவள் மனதில் ஒரு தற்காப்பு விசையை வைக்கிறாள். கடைசி இதழில் கில்கிரேவ் மறுபடி அவளைப் பிடிக்கும்போது, மனதுக்குள் தோன்றும் ஜீன் அந்த விசையை நினைவூட்டுகிறாள். அதை இயக்க முடிவெடுக்க வேண்டியவள் ஜெசிக்கா. இந்த அமைப்பைக் கவனியுங்கள். கருவி நண்பருடையது, முன்பே வைக்கப்பட்டது. பயன்படுத்தும் முடிவு நாயகியுடையது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் காட்சி விழுந்துவிடும். கருவி இல்லாவிட்டால் வெறும் மனவலிமைப் பேச்சாகிவிடும், "கண்ணைத் திற, நீ பலசாலி" என்பது போல. முடிவு அவளுடையதாக இல்லாவிட்டால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன பொம்மையாகிவிடுவாள்.

கூட்டாளி ஒருவர் இருப்பது உண்மையிலேயே மனிதர்களை மாற்றுமா என்பதற்கு உளவியலில் நல்ல ஆதாரம் இருக்கிறது. 1950-களில் சாலமன் ஆஷ் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்கிறார்கள். அறையில் இருக்கும் மற்றவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போலத் தவறான பதில் தருகிறார்கள். தனியாக இருந்தால் நூற்றில் ஒரு தவறுகூடச் செய்யாதவர்கள், இந்த நெருக்கடியில் ஏறக்குறைய 37 சதவீதம் தவறான பதிலோடு ஒத்துப்போனார்கள். சரியான பதிலைச் சொல்லும் ஒரே ஒரு துணையைச் சேர்த்ததும் தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. இதைவிட உங்களுக்கு உதவக்கூடியது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. பாதியில் அந்தத் துணை பெரும்பான்மைப் பக்கம் தாவியபோது, தவறுகள் பழைய அளவுக்கே ஏறிவிட்டன. ஏதோ வேலை என்று சொல்லி அறையை விட்டுப் போனபோது தவறுகள் கூடினாலும் அந்த அளவுக்கு ஏறவில்லை. போன நண்பர் மனதில் மிஞ்சுகிறார், கட்சி மாறியவர் மிஞ்சுவதில்லை. உங்கள் வில்லன் புத்திசாலி என்றால் தோழியைக் கொல்ல மாட்டான். அவளும் தன் பக்கம் வந்துவிட்டதாக நாயகியை நம்ப வைப்பான். மீட்பைத் தள்ளிப்போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் உங்களுக்குக் கிடைக்காது.

மில்கிராமின் அதிர்ச்சி இயந்திரச் சோதனையும் இதே திசையைக் காட்டுகிறது. இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கச் சொன்ன அதிகாரியின் பேச்சைக் கேட்டு 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். கூட உட்கார்ந்த இருவர் 150 வோல்டிலும் 210 வோல்டிலும் மறுத்து எழுந்த வடிவத்தில், கடைசி வரை போனவர்கள் 40-க்கு 4 பேர். பங்கேற்றவர்களில் எத்தனை பேர் அதிர்ச்சியை நிஜம் என்று நம்பினார்கள் என்பது பற்றிப் பிற்காலத்தில் கடுமையான விமர்சனங்கள் வந்திருக்கின்றன. ஆகவே எண்களை அப்படியே கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் மறுப்பதைப் பார்த்தால் அடுத்தவருக்கும் மறுப்பது எளிதாகிறது என்ற அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். கதைக்கு இது தரும் குறிப்பு: நாயகியிடம் "நீ எதிர்த்து நில்" என்று நண்பர்கள் உபதேசிப்பதைவிட, வேறொருவர் அதே வில்லனுக்கு மறுப்பதை அவள் கண்ணால் பார்ப்பது வலுவானது.

வில்லன் தரப்பு வேலையை எழுதக் கொரியப் போர்க் கைதிகளின் அனுபவத்தைப் படிக்கலாம். 1953-இல் 21 அமெரிக்க வீரர்கள் நாடு திரும்ப மறுத்தபோது, சீனர்களிடம் ஏதோ மூளைச்சலவை மந்திரம் இருக்கிறது என்று அமெரிக்கா அஞ்சியது. திரும்பியவர்களை ஆராய்ந்த எட்கர் ஷைன், ராபர்ட் லிஃப்டன் போன்றவர்கள் கண்டதில் மந்திரம் எதுவும் இல்லை. அதிகாரிகளைச் சிப்பாய்களிடமிருந்து பிரித்தார்கள். குழுவாக யாரும் சேராதபடி ஆட்களை மாற்றினார்கள். உற்சாகம் தரும் கடிதங்களை நிறுத்தி வைத்தார்கள். ஒருவரைப் பற்றி ஒருவரை எழுத வைத்து, யாரையும் நம்ப முடியாத நிலைக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் வில்லன் டெலிபதி வல்லவனாகவே இருந்தாலும், அவன் முதல் வேலை நாயகியின் மனதைத் தொடுவதாக இல்லாமல் அவள் குழுவைக் கலைப்பதாக இருக்கட்டும்.

எதிர்ப்பை எழுத, வியட்நாம் போரில் பிடிபட்ட அமெரிக்கக் கைதிகளைப் படிக்கலாம். ஹனோய் சிறையில் பேசத் தடை. 1965-இல் கார்லைல் ஹாரிஸ் என்ற விமானி தனக்கு நினைவிருந்த ஒரு தட்டுச் சங்கேதத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஆங்கில எழுத்துகள். முதலில் கிடைவரிசை எண், பிறகு நெடுவரிசை எண். இதைத் தமிழுக்கு மாற்றுவது நம் எழுத்து அமைப்பால் மிக எளிது. வல்லினம் ஒன்று, மெல்லினம் இரண்டு, இடையினம் மூன்று. ஒவ்வொன்றிலும் ஆறு எழுத்து. பிறகு பன்னிரண்டு உயிர். "வா" என்றால் இடையினம் 3, அதில் நான்காவது வ, உயிரில் இரண்டாவது ஆ: மூன்று தட்டு, நான்கு தட்டு, இரண்டு தட்டு. "நில்" என்றால் 2, 4, 3. பிறகு 3, 3, மூன்றாவது எண் இல்லாவிட்டால் புள்ளி. தனி உயிரெழுத்துக்கு முதலில் நான்கு தட்டிவிட்டு உயிரின் எண். இதை உங்கள் இரு தோழிகளும் ஆரம்பத்தில் விளையாட்டாகவே பயன்படுத்தட்டும், வகுப்பிலோ மருத்துவமனைக் காத்திருப்பிலோ, வாசகரும் இரண்டு மூன்று எழுத்தைப் பழகும் அளவுக்கு. ஒருமுறை விளக்கம், ஒருமுறை வேடிக்கைக்கு, ஒருமுறை தவறாகப் புரிந்துகொள்வது. நான்காம் முறை கிளைமாக்ஸ். மூன்றுக்குக் குறைந்தால் வாசகர் மறந்துவிடுவார். மிகக் கூடினால் முன்கூட்டியே ஊகித்துவிடுவார்.

அந்தச் சிறையிலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக்டேலும் மற்றவர்களும் சித்திரவதையில் யாரும் உடையாமல் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. எல்லோரும் ஒரு கட்டத்தில் உடைவார்கள் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். முடிந்தவரை தாங்கு, கொடுக்க வேண்டி வந்தால் குறைவாகக் கொடு, திரும்பி வந்ததும் என்ன கொடுத்தாய் என்று சுவரில் தட்டிச் சொல்லிவிடு. சொன்னவரை மற்றவர்கள் ஒதுக்கவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவனை மிரட்டவும் முடியாது. உங்கள் நாயகி ஒரே வீச்சில் விடுபடுவதைவிட, ஒருமுறை மீண்டு, மறுபடி விழுந்து, விழுந்ததைத் தோழியிடம் சொல்லி, பிறகு நிலையாக எழுவது எவ்வளவோ உண்மையானது. வாசகர் "சுலபம்" என்று சொன்னதற்கு இந்த இடைவீழ்ச்சி இல்லாததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நண்பர்கள் எப்போதும் சரியாகவே செயல்படுவார்கள் என்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். 1980-இல் அவெஞ்சர்ஸ் 200-ஆம் இதழில் மார்கஸ் என்பவன் கரோல் டான்வெர்ஸின் மனதை இயந்திரங்களின் உதவியோடு வளைத்ததை அவனே சொல்கிறான். இருந்தும் அவள் அவனோடு போக விரும்புகிறாள் என்று நண்பர்கள் மகிழ்ச்சியோடு வழியனுப்பி வைக்கிறார்கள். அதைப் பொறுக்காத எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மாண்ட், அடுத்த ஆண்டு வந்த பத்தாம் ஆண்டுமலரில் கரோலைத் திரும்பக் கொண்டுவந்து, அவள் வாயாலேயே அவர்களைக் கேள்வி கேட்க வைத்தார். நீங்கள் சந்தேகப்படவே இல்லையே என்பதுதான் அவள் வேதனையின் சாரம். உங்கள் குழுவில் ஒருவராவது முதலில் அறிகுறியைத் தவறவிட்டவராக இருக்கட்டும். இல்லையேல் எல்லோரும் ஒரே குரலில் பேசும் கோரஸாகிவிடுவார்கள்.

அறிவியல் எது, கற்பனை எது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு சொல்லால் ஒருவரைப் பொம்மையாக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிஐஏ 1953 முதல் இருபது ஆண்டு காலம் எம்கே-அல்ட்ரா என்ற பெயரில் போதைமருந்து, ஹிப்னாடிசம் என்று பலவற்றை முயன்றது. மனிதர்களுக்குக் கேடு விளைந்ததே தவிர, நம்பத்தக்க கட்டுப்பாட்டு முறை எதுவும் கிடைக்கவில்லை. மந்திரவாதி மாண்ட்ரேக் கையை அசைத்ததும் எதிரி மயங்குவது காமிக்ஸ் உரிமை, 1934-லிருந்து அந்த உரிமையை வாசகர்கள் மனமாரக் கொடுத்திருக்கிறார்கள். ஆஷின் கோடுகளுக்கும் டெலிபதி வசியத்துக்கும் இடையில் நான் போட்டிருக்கும் பாலம் ஒப்புமைதான், நிரூபணம் இல்லை. தலையில் அடித்தால் வசியம் தெளியும் என்பதும் கதைவசதிதான். 2012 அவெஞ்சர்ஸ் படத்தில் ஹாக்ஐயை நடாஷா அப்படி மீட்கிறாள். அங்கே எடுபடக் காரணம் அதன் பிறகு வரும் காட்சி. தான் எத்தனை பேரைக் கொன்றேன் என்று அவன் கேட்கத் தொடங்க, அந்தக் கணக்குக்குள் போகாதே என்று அவள் தடுக்கிறாள்.

ஆகவே மீட்புக்குப் பிறகு குறைந்தது இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் அவள் உண்மையிலேயே விடுபட்டாளா என்று குழு சோதிக்க வேண்டும். வில்லன் அவள் நினைவுகளைப் படிக்கக்கூடியவன் என்றால் நினைவைச் சோதிக்கும் கேள்வி, பிறந்தநாள், செல்லப்பெயர் எதுவும் செல்லாது. அவன் செய்ய விரும்பாத ஒன்றை அவளாகச் செய்யச் சொல்வதுதான் சோதனை. ஆயுதத்தைத் தோழியிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பது போல. இரண்டாம் பக்கத்தில் அவள் யாரை அடித்தாளோ அவர் பேச வேண்டும். "அது நீ இல்லை" என்ற வசனத்தை அவருக்குக் கொடுக்காதீர்கள். கை அவளுடையது என்று அவளுக்குத் தெரியும். எங்கே வலிக்கிறது, எத்தனை நாள் கட்டுப்போட வேண்டும், அடுத்த ரோந்துக்கு யார் போவது என்று அவர் பேசினால் போதும். ரோந்துப் பட்டியலில் அவள் பெயரும் இருக்கட்டும், இரண்டாவது ஆளோடு சேர்த்து.